திருவனந்தபுரத்தில் பி.காம்., பிபிஏ படிப்பு: சேர்க்கை முதல் நான்காம் ஆண்டு வரை அறிய வேண்டியவை

திருவனந்தபுரம்: கேரளத்தில் நான்காண்டு இளநிலைப் பட்டப்படிப்பு முறை நடைமுறைக்கு வந்த பின்னர், வணிகவியல், வணிக மேலாண்மைப் படிப்புகளை மட்டுமே முதன்மையாக நடத்தும் சிறிய கல்லூரிகளில் சேர விரும்பும் மாணவர்கள் முன்பைவிடக் கூடுதல் விவரங்களைச் சரிபார்க்க வேண்டிய நிலை ஏற்பட்டுள்ளது. 2024-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி புதிய முறையில் வகுப்புகளைத் தொடங்கிய முதல் பேட்ச் மாணவர்கள் 2027-இல் மூன்றாம் ஆண்டை நிறைவு செய்வர். பட்டத்துடன் வெளியேறுவதா, நான்காம் ஆண்டைத் தொடர்வதா என்ற முடிவை அவர்களே முதலில் எடுக்கவுள்ளனர். கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் படிக்க வரும் தமிழ் மாணவர்களுக்கும், நகரிலேயே வசிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் பயன்படும் வகையில் சேர்க்கை நடைமுறை, பாடத்திட்டம், கல்லூரி வாழ்க்கை, செலவு குறித்த விவரங்கள் இங்கே தொகுத்துத் தரப்படுகின்றன.

வணிகத்தின் மையம்

திருவனந்தபுரத்தின் கிழக்கேகோட்டை, பத்மநாபசுவாமி கோயிலின் கிழக்கு வாயிலை ஒட்டிய பகுதி. அரசுப் பேருந்துகளின் நகர முனையம், பழவங்காடி கணபதி கோயில், காந்தி பூங்கா ஆகியவை இங்கு உள்ளன. இங்கிருந்து தொடங்கும் சாலைக் கடைத்தெரு, 18-ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் திவானாக இருந்த ராஜா கேசவதாசால் உருவாக்கப்பட்டது. தலைமுறைகளாகத் தமிழ் வணிகர்கள் தொழில் நடத்தி வரும் தெரு இது. சாகித்திய அகாதெமி விருது பெற்ற தமிழ் எழுத்தாளர் ஆ. மாதவன் இத்தெருவில் கடை நடத்தியவர். இத்தெருவின் மனிதர்களையே தமது கதைகளின் களமாகக் கொண்டவர்.

இத்தகைய கடைவீதிகளில் நெடுங்காலம் கணக்கும் வணிகமும் கடையிலேயே கற்கப்பட்டன. வணிகவியலைக் கல்லூரிப் பாடமாகப் பயில்வது இந்தியாவில் 20-ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. மும்பையில் சிடன்ஹாம் கல்லூரி 1913-இல் தொடங்கப்பட்டது. 2017-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்த பின்னர், சிறு கடைகளுக்கும் முறையான கணக்குப் பதிவும் இணையவழி வரித் தாக்கலும் தேவைப்படுவதால், வணிகக் குடும்பப் பிள்ளைகளிடையேயும் பி.காம்., பிபிஏ பட்டங்களுக்கு நடைமுறைப் பயன் கூடியுள்ளது.

பல்கலைக்கழகமும் கல்லூரி வகைகளும்

திருவனந்தபுரத்தில் உள்ள கலை, அறிவியல் கல்லூரிகள் பெரும்பாலும் கேரளப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டவை. 1937-இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகமாகத் தொடங்கப்பட்ட இந்நிறுவனத்தின் முதல் துணைவேந்தர் சர் சி.பி. ராமசாமி ஐயர். கேரள மாநிலம் உருவான பின்னர் 1957-இல் இதன் பெயர் மாற்றப்பட்டது. திருவனந்தபுரம், கொல்லம், ஆலப்புழை மாவட்டங்களும் பத்தனம்திட்டையின் ஒரு பகுதியும் இதன் எல்லைக்குள் வருகின்றன. தேசிய மதிப்பீடு மற்றும் அங்கீகாரக் குழு எனப்படும் நாக், 2022-இல் இப்பல்கலைக்கழகத்துக்கு ஏ++ தரம் வழங்கியது. இந்தத் தரம் பல்கலைக்கழகத்துக்கு உரியது; இணைப்புக் கல்லூரி ஒவ்வொன்றுக்கும் நாக் தனித்தனியே தரம் வழங்குகிறது. விளம்பரங்களில் காணப்படும் தரம் யாருக்குரியது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

கல்லூரிகள் மூன்று வகைப்படும். அரசுக் கல்லூரிகளின் முழுச் செலவையும் அரசு ஏற்கிறது. அரசு உதவி பெறும் தனியார் கல்லூரிகளில் ஆசிரியர்களின் ஊதியத்தை 1972-ஆம் ஆண்டு உடன்பாட்டுக்குப் பின் அரசே நேரடியாக வழங்கி வருகிறது. எனவே இவற்றிலும் கட்டணம் குறைவு. சுயநிதிக் கல்லூரிகள் மாணவர் கட்டணத்தைக் கொண்டே இயங்குகின்றன. பி.காம்., பிபிஏ, பிசிஏ போன்ற சில பாடப்பிரிவுகளை மட்டும் நடத்தும் சிறிய கல்லூரிகளில் பல இந்த மூன்றாவது வகையைச் சேர்ந்தவை. அரசு உதவி பெறும் கல்லூரியிலேயே சில பாடப்பிரிவுகள் சுயநிதி அடிப்படையில் நடத்தப்படுவதும் உண்டு. ஆகவே கல்லூரியின் வகையை மட்டும் பார்க்காமல், சேரும் பாடப்பிரிவின் வகையையும் கேட்டறிவது அவசியம்.

பி.காம்., பிபிஏ: வேறுபாடு என்ன?

பி.காம். படிப்பின் அடித்தளம் கணக்கியல். நிதிக் கணக்கு, செலவுக் கணக்கு, வருமான வரி, தணிக்கை, நிறுமச் சட்டம் ஆகியவை இதில் முதன்மை பெறுகின்றன. நிதி, கூட்டுறவு, கணினிப் பயன்பாடு எனச் சிறப்புப் பிரிவுகள் கல்லூரிக்குக் கல்லூரி மாறுபடும். பிபிஏ படிப்பில் மேலாண்மை, சந்தைப்படுத்தல், மனிதவளம், நிறுவன நடத்தை, தொழில்முனைவு ஆகியவற்றுக்கு முக்கியத்துவம் தரப்படுகிறது; கணக்கியல் அதில் ஒரு பகுதி மட்டுமே.

ஒழுங்குமுறையிலும் ஒரு முக்கிய வேறுபாடு உள்ளது. 2024-25 கல்வியாண்டு முதல் பிபிஏ, பிசிஏ, பிஎம்எஸ் ஆகிய இளநிலைப் படிப்புகளை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ தனது வரம்புக்குள் கொண்டு வந்தது. இதன்படி இப்படிப்புகளை நடத்தும் இணைப்புக் கல்லூரிகள் பல்கலைக்கழக இணைப்புடன் ஏஐசிடிஇ ஒப்புதலையும் பெற வேண்டும். பல்கலைக்கழகங்கள் தாமே நடத்தும் படிப்புகளுக்கு இந்த முன்ஒப்புதல் கட்டாயமில்லை என்ற நிலைப்பாடு, பாரதிதாசன் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் 2001-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பிலிருந்து வருகிறது. பி.காம். படிப்புக்கு ஏஐசிடிஇ ஒப்புதல் தேவையில்லை.

பிபிஏ-வுக்கான மாதிரிப் பாடத்திட்டத்தையும் ஏஐசிடிஇ 2024-இல் வெளியிட்டது. பிபிஏ, பிசிஏ, பிஎம்எஸ் பயிலும் மாணவியருக்காக சரஸ்வதி என்ற பெயரில் உதவித்தொகைத் திட்டம் ஒன்றையும் அது அறிவித்துள்ளது. ஒப்புதல் பெற்ற கல்லூரியில் படித்தால் மட்டுமே இத்தகைய திட்டங்களில் இடம்பெற முடியும் என்பதால், சேரும் ஆண்டுக்கான ஒப்புதல் கடிதத்தைக் கல்லூரியிடம் கேட்டுப் பார்ப்பது மாணவரின் உரிமை.

சேர்க்கை நடைமுறை

கேரளப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புகளுக்கு ஒற்றைச் சாளர முறையில் இணையவழிச் சேர்க்கை நடைபெறுகிறது. இதற்கு மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் நுழைவுத் தேர்வு தேவையில்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணே அடிப்படை. பிளஸ் டூ முடிவுகளை ஒட்டி விண்ணப்பப் பதிவு தொடங்கும். மாணவர்கள் தாம் விரும்பும் கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் விருப்ப வரிசையில் பதிவு செய்ய வேண்டும்.

முதலில் சோதனை ஒதுக்கீடு வெளியிடப்படும். இது இடம் கிடைத்ததற்கான உறுதி அல்ல. தற்போதைய மதிப்பெண்ணுக்கு எந்தக் கல்லூரி கிடைக்க வாய்ப்புள்ளது என்பதைக் காட்டி, விருப்ப வரிசையை மாற்றியமைக்க அவகாசம் தருவதே இதன் நோக்கம். அதன் பின்னர் முதல், இரண்டாம் ஒதுக்கீடுகள் அடுத்தடுத்து வெளியாகும். மீதமுள்ள இடங்களுக்கு இறுதியில் நேரடி ஒதுக்கீடு நடைபெறும்.

இந்த நடைமுறையில் மாணவர்கள் பெரும்பாலும் தவறவிடும் இடங்கள் இரண்டு. ஒதுக்கீடு கிடைத்ததும் குறிப்பிட்ட நாளுக்குள் சேர்க்கைக் கட்டணத்தைச் செலுத்தாவிட்டால் அந்த இடம் ரத்தாகிவிடும். அடுத்ததாக, கிடைத்த கல்லூரியே போதும் என்று கருதுபவர், பட்டியலில் அதற்கு மேலே உள்ள விருப்பங்களை உரிய காலத்துக்குள் நீக்கிவிட வேண்டும். நீக்காவிட்டால், அடுத்த சுற்றில் மேல் விருப்பம் கிடைக்கும்போது முந்தைய இடம் தானாகவே பறிபோகும். அதைத் திரும்பப் பெற இயலாது.

சுயநிதிக் கல்லூரிகளில் தகுதி அடிப்படையிலான இடங்களைப் பல்கலைக்கழகமும், நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களைக் கல்லூரி நிர்வாகமும் நிரப்புகின்றன. அரசு உதவி பெறும் கல்லூரிகளில் சமூக ஒதுக்கீட்டு இடங்களும் உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்பவரும் பல்கலைக்கழக இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். “பதிவெல்லாம் வேண்டாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று கூறும் இடைத்தரகர்களை நம்பிச் சேர்பவர், தேர்வுக்குப் பதிவு செய்யும் கட்டத்தில்தான் சிக்கலை அறிய நேரிடும்.

இட ஒதுக்கீட்டைப் பொறுத்தவரை, கேரளக் கலை, அறிவியல் கல்லூரிகளில் பட்டியல் சாதியினருக்கு 15 சதவீதமும் பட்டியல் பழங்குடியினருக்கு 5 சதவீதமும் வழங்கப்படுகிறது. சமூக ரீதியாகவும் கல்வி ரீதியாகவும் பின்தங்கிய வகுப்பினர், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர், மாற்றுத்திறனாளிகள், விளையாட்டு வீரர்கள் ஆகியோருக்கும் தனி இடங்கள் உண்டு. இந்த ஒதுக்கீடுகள் பொதுவாகக் கேரளத்தைச் சேர்ந்தவர்களுக்கு உரியவை. தமிழ்நாட்டில் வழங்கப்பட்ட சாதிச் சான்றிதழுடன் விண்ணப்பிப்பவர் பொதுப் பிரிவிலேயே போட்டியிட வேண்டியிருக்கும். இதே காரணத்தால், கேரள அரசின் இ-கிராண்ட்ஸ் தளம் வழியாக வழங்கப்படும் கல்வி உதவியும் அவர்களுக்குப் பொருந்தாது. செலவுக் கணக்கைப் போடும்போது எல்லைப்புறக் குடும்பங்கள் இதை முதலிலேயே கருத்தில் கொள்ள வேண்டும்.

நான்காண்டு முறையின் கணக்கு

தேசியக் கல்விக் கொள்கை 2020-ஐத் தொடர்ந்து பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி, 2022 டிசம்பரில் இளநிலைப் படிப்புகளுக்கான கட்டமைப்பை வெளியிட்டது. கேரளம் சில மாற்றங்களுடன் தனக்கென ஒரு முறையை வகுத்தது. யுஜிசி கட்டமைப்பில் முதலாண்டு முடிவில் சான்றிதழுடனும், இரண்டாம் ஆண்டு முடிவில் டிப்ளமோவுடனும் வெளியேற வழி உண்டு. கேரளம் அதை ஏற்கவில்லை. இங்கு மூன்றாம் ஆண்டு முடிவில்தான் பட்டத்துடன் வெளியேற முடியும்.

கிரெடிட் எனப்படும் தகுதிப் புள்ளிகளே இம்முறையின் அடிப்படை. மூன்றாண்டுப் பட்டத்துக்கு 133 கிரெடிட் தேவை. இவற்றில் 68 முதன்மைப் பாடத்துக்கும், 24 துணைப் பாடங்களுக்கும் உரியவை. ஆங்கிலமும் மற்றொரு மொழியும் அடங்கிய மொழித்திறன் பாடங்களுக்கு 12, பிற துறைப் பாடங்களுக்கு 9, திறன் மேம்பாட்டுப் பாடங்களுக்கு 9, விழுமியக் கல்விப் பாடங்களுக்கு 9, களப்பயிற்சிக்கு 2 எனக் கணக்கு அமைகிறது. நான்காம் ஆண்டில் மேலும் 44 கிரெடிட் சேர்த்து மொத்தம் 177 பெற்றால் ஆனர்ஸ் பட்டம் வழங்கப்படும்.

நான்காம் ஆண்டிலும் இரு வழிகள் உள்ளன. ஒன்று ஆனர்ஸ், மற்றொன்று ஆய்வுடன் கூடிய ஆனர்ஸ். முதல் ஆறு பருவங்களில் 75 சதவீதம் மதிப்பெண் பெற்றவர்களே ஆய்வுப் பிரிவுக்குத் தகுதி பெறுவர். ஆய்வுத் திட்டத்துக்கு 12 கிரெடிட் அளிக்கப்படுகிறது. மாணவர் பெறும் கிரெடிட்டுகள் அகாதெமிக் பேங்க் ஆப் கிரெடிட்ஸ் என்ற தேசியக் கணக்கில் சேமிக்கப்படுகின்றன. கல்லூரி மாறும்போது இக்கணக்கு உதவும் என்பதால் சேர்ந்தவுடனே இதைத் தொடங்கிவிடுவது நல்லது.

சிறிய கல்லூரியில் என்ன மாறும்?

புதிய முறை அளிக்கும் பெரிய வாக்குறுதி, மாணவர் தமது முதன்மைப் பாடத்துடன் வேறு துறைகளையும் தேர்ந்தெடுக்கலாம் என்பதே. வணிகவியல் மாணவர் பொருளியலையோ, புள்ளியியலையோ, உளவியலையோ, இதழியலையோ துணைப் பாடமாக எடுக்கலாம் என்பது கொள்கை. ஆனால் அந்தத் துறையும் ஆசிரியரும் கல்லூரியில் இருந்தால்தான் அது நடைமுறையாகும்.

பல துறைகள் கொண்ட பெரிய கல்லூரியில் இதற்கு வாய்ப்பு அதிகம். வணிகவியல், மேலாண்மை, கணினிப் பயன்பாடு ஆகிய துறைகள் மட்டுமே உள்ள சிறிய கல்லூரியில், துணைப் பாடங்களும் அந்த மூன்றுக்குள்ளேயே அமையும். பி.காம். மாணவர் மேலாண்மையையும் பிபிஏ மாணவர் கணக்கியலையும் துணைப் பாடமாகக் கொள்ள நேரிடும். கணக்குத் தொழிலிலோ குடும்ப வணிகத்திலோ ஈடுபட எண்ணுபவருக்கு இது குறையல்ல; ஒரே துறையில் ஆழம் கிடைக்கும். பின்னாளில் பொருளியல், சட்டம், தரவு அறிவியல் போன்ற துறைகளுக்கு மாற எண்ணுபவருக்கு இது ஒரு தடை.

நான்காம் ஆண்டிலும் இதே கேள்வி எழுகிறது. ஆய்வுடன் கூடிய ஆனர்ஸ் நடத்த, வழிகாட்டத் தகுதியுள்ள ஆசிரியர்களும் நூலக, ஆய்வு வசதிகளும் வேண்டும். மூன்றாண்டு வரை மட்டும் கற்பிக்கும் வசதியுள்ள கல்லூரியில் சேர்ந்தவர், நான்காம் ஆண்டுக்கு வேறு கல்லூரிக்கு மாற வேண்டியிருக்கும். கல்லூரி மாற விதிகள் இடம் தருகின்றன. எனினும் அது காலியிடத்தையும் மதிப்பெண்ணையும் பொறுத்தது. எனவே “இங்கு நான்காம் ஆண்டு உண்டா, எந்தப் பிரிவில் உண்டு” என்ற கேள்விக்குச் சேரும்போதே விடை பெறுவது அவசியம்.

மறுபுறம், சிறிய கல்லூரிக்கு உரிய நன்மைகளும் உள்ளன. ஒரு வகுப்பில் சில பத்து மாணவர்களே இருப்பதால் ஆசிரியர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அறிவார். புதிய முறையில் அகமதிப்பீட்டுக்குக் கணிசமான பங்கு உள்ள நிலையில், ஒப்படைப்பு, கருத்தரங்கு உரை, குழுத் திட்டம் ஆகியவற்றில் தனிக் கவனம் கிடைப்பது மாணவருக்கு உதவும். நகரின் கடைகள், தணிக்கை அலுவலகங்கள், வங்கிகள் ஆகியவற்றில் களப்பயிற்சி பெறுவதும், நடந்தே செல்லும் தொலைவில் சந்தை இருக்கும் இடத்தில் எளிது.

வகுப்பும் தேர்வும்

ஓராண்டு இரண்டு பருவங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. எழுத்துப் பாடங்களில் 30 சதவீதம் அகமதிப்பீட்டுக்கும் 70 சதவீதம் பருவ இறுதித் தேர்வுக்கும் உரியது. தேர்வெழுத 75 சதவீத வருகைப் பதிவு வேண்டும். வணிகவியல் மாணவர்களிடையே மாலையில் கடையில் உதவுவதும், பகுதிநேரமாகக் கணக்கு எழுதுவதும், பட்டயக் கணக்காளர் பயிற்சி வகுப்புக்குச் செல்வதும் வழக்கம் என்பதால் வருகைக் கணக்கைத் தொடக்கத்திலிருந்தே கவனிப்பது நல்லது. அகமதிப்பீட்டு மதிப்பெண்ணில் குறை இருப்பதாகக் கருதுபவர் கல்லூரியின் குறைதீர் குழுவிடம் முறையிடலாம்.

ஓணம் விடுமுறை, ஆற்றுகால் பொங்கல் நாள் ஆகியவற்றைச் சுற்றியே நகரின் கல்லூரி நாட்காட்டி அமைகிறது. பொங்கல் நாளில் கிழக்கேகோட்டையும் சுற்றுச் சாலைகளும் அடுப்புகளால் நிறைந்து, போக்குவரத்து நின்றுவிடும். மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை அளிக்கப்படும். நவராத்திரியின்போது பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை, வேளிமலை முருகன் விக்கிரகங்கள் ஊர்வலமாகக் கொண்டுவரப்படுவதும் இரு மாநில மாணவர்களுக்கும் அறிமுகமான நிகழ்வு.

மொழி

பாடங்கள் ஆங்கிலத்தில் நடத்தப்படுகின்றன. வகுப்பறை விளக்கங்களிலும் அலுவலக அறிவிப்புகளிலும் மலையாளம் கலந்திருக்கும். பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்தவருக்கு முதல் பருவம் கடினமாக இருக்கக்கூடும். இரண்டாம் மொழியாகப் பெரும்பாலும் மலையாளமும் இந்தியும் கற்பிக்கப்படுகின்றன. திருவனந்தபுரம் யுனிவர்சிட்டி கல்லூரியில் தமிழ்த் துறை உள்ளது. ‘மனோன்மணீயம்’ நாடகத்தை இயற்றிய பெ. சுந்தரம் பிள்ளை, அக்கல்லூரி மகாராஜா கல்லூரியாக இருந்த காலத்தில் அங்கு தத்துவப் பேராசிரியராகப் பணியாற்றினார். ஆனால் வணிகப் பாடங்களை மட்டும் நடத்தும் சிறிய கல்லூரிகளில் தமிழை மொழிப் பாடமாக எடுக்கும் வாய்ப்பு அரிது.

தமிழ்நாடு அரசுப் பணியை நோக்கமாகக் கொண்டவர்கள் ஒரு விவரத்தைக் கருத வேண்டும். தமிழ்வழியில் பயின்றோருக்கான 20 சதவீத முன்னுரிமையைப் பட்டப்படிப்புத் தகுதி கொண்ட பணிகளில் பெற, பள்ளிக் கல்வியுடன் பட்டப்படிப்பையும் தமிழ்வழியில் முடித்திருக்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் கூறுகிறது. கேரளத்தில் பெறும் பட்டத்துக்கு இந்த முன்னுரிமை கிடைக்காது. டிஎன்பிஎஸ்சி தேர்வுகளில் தமிழ் மொழித் தகுதித் தாளில் தேர்ச்சி பெறுவதும் கட்டாயம்.

பயணம்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ரயில் பாதையில் சுமார் 70 கி.மீ. தொலைவு. 1979-இல் இப்பாதை திறக்கப்பட்ட பின்னர் எல்லைப்புற மாணவர்கள் நாள்தோறும் சென்று வருவது எளிதாயிற்று. தம்பானூரில் உள்ள மத்திய ரயில் நிலையம் கிழக்கேகோட்டையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இந்திய ரயில்வே, வீட்டுக்கும் கல்வி நிலையத்துக்கும் இடையே சென்று வரும் மாணவியருக்குப் பட்டப்படிப்பு வரையிலும், மாணவர்களுக்கு 12-ஆம் வகுப்பு வரையிலும் இரண்டாம் வகுப்பு மாதாந்திரப் பயணச் சீட்டை இலவசமாக வழங்குகிறது. கல்லூரி மாணவர்களுக்குச் சலுகைக் கட்டணச் சீட்டு உண்டு. இதற்குக் கல்லூரி முதல்வரின் சான்று தேவை. தினமும் சென்று வரும் மாணவியருக்கு இது விடுதிச் செலவையே தவிர்க்கக்கூடிய சலுகை.

சிறிய கல்லூரிகள் பலவற்றில் சொந்த விடுதி இருப்பதில்லை. அத்தகைய கல்லூரிகளில் சேர்வோர் தனியார் விடுதிகளையோ, பணம் செலுத்தித் தங்கும் வீடுகளையோ நாட வேண்டியிருக்கும். இச்செலவு பல வேளைகளில் படிப்புக் கட்டணத்துக்கு இணையாக அமைந்துவிடும்.

கட்டணம், கடன், பணம் திரும்பப் பெறுதல்

சுயநிதிப் பாடப்பிரிவில் கல்விக் கட்டணத்துடன் சிறப்புக் கட்டணம், பல்கலைக்கழகக் கட்டணம், தேர்வுக் கட்டணம், முன்வைப்புத் தொகை ஆகியவையும் சேரும். முதலாண்டுத் தொகையை மட்டும் கேட்காமல், மூன்றாண்டுகளுக்குமான மொத்தத் தொகையை எழுத்து வடிவில் பெறுவது பாதுகாப்பானது. ஒவ்வொரு தொகைக்கும் ரசீது பெற வேண்டும்.

கல்விக் கடனில் 4 லட்சம் ரூபாய் வரை வங்கிகள் சொத்துப் பிணை கேட்பதில்லை. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிஎம் வித்யாலட்சுமி திட்டம், பிணையும் பிணையாளரும் இல்லாத கடனை வழங்குகிறது. ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனில் 3 சதவீத வட்டி மானியமும் அளிக்கிறது. ஆனால் இத்திட்டம் தேசியத் தரவரிசை அடிப்படையில் தேர்ந்தெடுக்கப்பட்ட நிறுவனங்களுக்கு மட்டுமே பொருந்தும். சிறிய கல்லூரியில் சேர்பவர் தமது கல்லூரி அப்பட்டியலில் உள்ளதா என்று பார்த்த பின்னரே இதை நம்பித் திட்டமிட வேண்டும்.

சேர்ந்த பின் வேறு கல்லூரியில் இடம் கிடைத்து விலகுபவருக்குக் கட்டணத்தைத் திருப்பித் தருவது குறித்து யுஜிசி 2018-இல் தெளிவான அளவுகளை வகுத்தது. அறிவிக்கப்பட்ட கடைசிச் சேர்க்கை நாளுக்கு 15 நாட்களோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால் முழுக் கட்டணமும் திருப்பித் தரப்பட வேண்டும். நடைமுறைச் செலவாக 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் மட்டுமே பிடிக்கலாம். 15 நாட்களுக்கும் குறைவாக இருக்கும்போது விலகினால் 90 சதவீதம், கடைசி நாளுக்குப் பின் 15 நாட்களுக்குள் 80 சதவீதம், 16 முதல் 30 நாட்களுக்குள் 50 சதவீதம் திரும்பக் கிடைக்கும். அதன் பிறகு எதுவும் கிடைக்காது. சில ஆண்டுகளில் யுஜிசி இதைவிடத் தாராளமான சலுகை அறிவித்ததும் உண்டு: 2024-25-இல் செப்டம்பர் 30 வரை விலகியோருக்கு முழுத் தொகையும் திருப்பித் தர உத்தரவிடப்பட்டது.

மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதே விதிகளின் பகுதி. சேர்க்கையின்போது அசலைச் சரிபார்த்து உடனே திருப்பித் தர வேண்டும். “மூன்றாண்டுக் கட்டணத்தையும் கட்டினால்தான் சான்றிதழ் தருவோம்” என்ற மிரட்டலுக்கு மாணவர்கள் பணிய வேண்டியதில்லை. யுஜிசியின் இணையவழிக் குறைதீர் தளத்தில் புகார் அளிக்கலாம்.

மாணவர் பாதுகாப்பும் தேர்தலும்

பகடிவதையைத் தடை செய்யும் சட்டத்தைக் கேரளம் 1998-இல் இயற்றியது. இதன்படி ஈராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க முடியும். யுஜிசியின் 2009-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி ஒவ்வோர் ஆண்டும் மாணவரும் பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரம் அளிக்க வேண்டும். 1800-180-5522 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் புகார் தெரிவிக்கலாம். சிறிய கல்லூரி என்பதால் இவ்விதிகளிலிருந்து விலக்கு இல்லை. பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவும் ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்க வேண்டும்.

கேரளக் கல்லூரிகளில் மாணவர் சங்கத் தேர்தல்கள் கட்சிசார் அமைப்புகளின் போட்டியாகவே நடைபெறுகின்றன. லிங்டோ குழுவின் பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் 2006-இல் ஏற்றது. அவற்றின்படி இளநிலை மாணவர் போட்டியிட 17 முதல் 22 வயதுக்குள் இருக்க வேண்டும். வேட்பாளரின் செலவு வரம்பு 5,000 ரூபாய். சுயநிதிக் கல்லூரிகள் சிலவற்றில் தேர்ந்தெடுக்கப்பட்ட சங்கம் இருப்பதில்லை. குறைகளை எடுத்துச் சொல்ல வேறு என்ன அமைப்பு உள்ளது என்பதை அங்கு சேர்வோர் அறிந்துகொள்ள வேண்டும்.

பட்டத்துக்குப் பின்

மூன்றாண்டுப் பட்டம் பெற்றவர் ஈராண்டு முதுநிலைப் படிப்பில் சேரலாம். நான்காண்டு முடித்தவருக்கு ஓராண்டு முதுநிலை போதுமானது. நான்காண்டுப் பட்டத்தில் 75 சதவீதம் பெற்றவர், முதுநிலை இன்றியே முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பிக்க யுஜிசியின் 2022-ஆம் ஆண்டு விதிகள் அனுமதிக்கின்றன. தமிழ்நாட்டின் கலை, அறிவியல் கல்லூரிகளில் மூன்றாண்டு முறையே தொடர்கிறது. எனவே எல்லைப்புற மாணவர்கள் இரு முறைகளின் கால அளவையும் செலவையும் ஒப்பிட்டு முடிவெடுக்க வேண்டும்.

பட்டயக் கணக்காளர் படிப்பில், 55 சதவீத மதிப்பெண்ணுடன் வணிகவியல் பட்டம் பெற்றவர் அடிப்படைத் தேர்வின்றி நேரடியாக இடைநிலைக்குச் செல்லலாம். பிளஸ் டூ முடித்தவுடன் அடிப்படைத் தேர்வு எழுதும் வழியும் உண்டு. 2023-இல் கொண்டுவரப்பட்ட புதிய திட்டத்தில் நேர்முகப் பயிற்சிக் காலம் ஈராண்டாகக் குறைக்கப்பட்டுள்ளது. சிறிய கல்லூரிகள் பல, பட்டத்துடன் இத்தகைய தொழில்முறைப் பயிற்சியையும் சேர்த்து வழங்குவதாக விளம்பரம் செய்கின்றன. அப்பயிற்சி பல்கலைக்கழகப் பட்டத்தின் பகுதி அல்ல. அதற்கான தேர்வையும் சான்றையும் தொடர்புடைய தொழில்முறை நிறுவனமே வழங்கும். பயிற்சிக் கட்டணம் கல்லூரிக் கட்டணத்தில் அடங்குமா, விலகினால் திரும்பக் கிடைக்குமா என்பதைத் தனியே கேட்க வேண்டும்.

1990-இல் தொடங்கப்பட்ட டெக்னோபார்க்கில் உள்ள நிறுவனங்கள் பொறியாளர்களுடன் கணக்கு, நிதிச் சேவைப் பணிகளுக்கு வணிகவியல் பட்டதாரிகளையும் தேர்வு செய்கின்றன. வங்கித் தேர்வுகள், கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையத் தேர்வுகள் ஆகியவற்றுக்கும் இப்பட்டங்கள் தகுதியாகக் கொள்ளப்படுகின்றன. நேரடியாகக் கல்லூரிக்குச் செல்ல இயலாதவர்களுக்கு, 2020-இல் கொல்லத்தில் தொடங்கப்பட்ட ஸ்ரீ நாராயண குரு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பி.காம்., பிபிஏ படிப்புகளை நடத்துகிறது.

சேரும் முன் கேட்க வேண்டியவை

கல்லூரிக்கு அவ்வாண்டுக்கான பல்கலைக்கழக இணைப்பு உள்ளதா? பிபிஏ எனில் ஏஐசிடிஇ ஒப்புதல் உள்ளதா? சேரும் இடம் தகுதி ஒதுக்கீடா, நிர்வாக ஒதுக்கீடா? என்னென்ன துணைப் பாடங்கள் உண்மையில் நடத்தப்படுகின்றன? நான்காம் ஆண்டு இங்கேயே உண்டா? இரண்டாம் மொழியாக எவை உள்ளன? மொத்தக் கட்டணம் எவ்வளவு? களப்பயிற்சிக்குக் கல்லூரி ஏற்பாடு செய்யுமா? முந்தைய பேட்ச் மாணவர்களின் தேர்ச்சி விகிதம் என்ன? இவற்றுக்கான விடைகளை விளம்பரத் துண்டறிக்கையிலிருந்து பெறாமல், பல்கலைக்கழக இணையதளம், கல்லூரி அலுவலகம், தற்போது படிக்கும் மாணவர்கள் ஆகிய மூன்று இடங்களிலும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை யுஜிசி தொடர்ந்து வெளியிட்டு வருகிறது. கேரளத்தின் கிஷநட்டம் என்ற முகவரியுடன் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகம் என்ற பெயர் அப்பட்டியலில் பல ஆண்டுகளாக இடம்பெற்றுள்ளது. பட்டம் வழங்கும் பல்கலைக்கழகத்தின் பெயரை அப்பட்டியலுடன் சரிபார்க்கச் சில நிமிடங்கள் போதும்.

சேர்க்கை தொடர்பான தேதிகள், கட்டண விவரங்கள் ஒவ்வோர் ஆண்டும் கேரளப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை இணையதளத்தில் வெளியிடப்படுகின்றன.